பலகைக்குள் ஈரம்

நான் தண்ணியில பொறந்தவன் இல்லீங்க. கருமத்தம்பட்டிப் பக்கம் தறிக்குடோன் சத்தத்துக்கு நடுவுல வளர்ந்தவன். நீச்சல் கத்துக்கிட்டதே நாப்பது வயசுக்கு மேல, அதுவும் இடுப்புல லாரி டியூபைக் கட்டிக்கிட்டு. அப்படிப்பட்டவன் இன்னைக்கு அணைத் தண்ணியில மோட்டார் படகு ஓட்டுறேன்னா சொந்தக்காரங்க, ஒறம்பரைங்க இன்னமும் சிரிக்கறாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். நான் இங்க எழுத வந்தது பயத்தைப் பத்தி. பத்து நாள் நான் பயந்த பயம் என்ற எதிரிக்கும் வரக்கூடாது. ஆனா அந்தப் பயத்துல நான் செஞ்ச காரியத்தைக் கேட்டா அந்த எதிரிகூட என்னைய ஒரு மனுசனா மதிக்கமாட்டான்.

எங்க ஊரு கோபிச்செட்டிபாளையத்துக்கு வடக்கால இருக்குது. என்ற சம்சாரத்தோட ஊருன்னு சொல்றதுதான் சரி. தறியெல்லாம் நிறுத்தின பொறவு, எங்கயாவது போய்ப் பொழைக்கோணுமேன்னு இங்க வந்து உக்காந்தோம். இந்த ஊருக்கும், பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கற அக்கட்டால ஊருக்கும் நடுவுல அணைத் தண்ணி நீளமாப் படுத்துக் கிடக்குது. படகுல போனா பன்னெண்டு நிமிசம். ரோட்டுல போனா ரெண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். வெடியால முதல் பஸ்ஸை விட்டா அடுத்தது எப்ப வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. அதனால பள்ளிக்கூடத்துப் புள்ளைக, வாழை எலை விக்கப் போறவங்க, கோயிலுக்குப் போறவங்க எல்லாருமே என்ற படகுலதான்.

படகு பழசு. பாலக்காடு வழியா லாரியில ஏத்திக் கொண்டாந்தது. வெளியில பார்த்தா பைபர், உள்ளுக்குள்ள பிளைவுட். பின்னால ஒரு பலகை நிக்கும், அதுக்கும் ரெண்டு பக்கம் பைபர் தோல் போர்த்தியிருக்கும். மோட்டார் தொங்கறது அந்தப் பின்பலகையிலதான். மோட்டாரோட கனம், அது தள்ளற தள்ளு, அலையில அது குதிக்கற குதி, எல்லாத்தையும் தாங்கறது அந்த ஒத்தைப் பலகை. இதெல்லாம் எனக்கு இப்பத் தெரியுது. அப்பத் தெரிஞ்சதெல்லாம் மோட்டார் ஒண்ணுதான். அதைத் தொடைக்கறதென்ன, ப்ளக்கைக் கழட்டிச் சுத்தம் பண்றதென்ன, எண்ணெய் மாத்தறதென்ன! பலகையை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. தறிக்காரனுக்குச் சத்தம் போடறதுதான் மெசின். சத்தம் போடாததெல்லாம் சும்மா கட்டை.

வாய் வேற எனக்கு நீளம். "இரும்பு துருப்புடிக்கும், மரம் மக்கும், இது பைபருங்க. நாம செத்து சாம்பலான பொறவும் இது மிதந்துக்கிட்டு இருக்கும்"னு ஏறுறவங்க எறங்கறவங்ககிட்டயெல்லாம் பீத்திக்குவேன். அவங்களும் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டுவாங்க.

கெடுத்தது யாருன்னு கேட்டீங்கன்னா, நானேதான். எங்க தறிக்குடோன்ல ஆயுத பூசைக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. தறி ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மாலை போடோணும். மாலை தொங்கறதுக்குத் தறியோட சட்டத்துலயே ஒரு கொக்கியைத் திருகுவோம். போன வருசத்துக் கொக்கியில இந்த வருச மாலையைப் போடக்கூடாது. பழசைக் கழட்டிட்டு, பக்கத்துல புதுசாத் திருகோணும். கழட்டின ஓட்டையில சந்தனத்தை அப்பி மேல ஒரு குங்குமப் பொட்டு. குடோனை விட்டு வந்தாலும் பழக்கம் விட்டுப் போகுமா? படகு வாங்கின முதல் வருசமே பின்பலகையில மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கொக்கியைத் திருகிபோட்டேன். ஆறு வருசம் ஆச்சு. பன்னெண்டு ஓட்டை. பத்துல சந்தனம், ரெண்டுல கொக்கி.

தறியில ஒரு ஓட்டை போட்டா அது ஓட்டை, அவ்வளவுதான். தண்ணியில நிக்கற பலகையில போட்டா அது வாசல். தண்ணியில பொழைக்கறவங்க ஊட்டுல பால் குடிக்கற குழந்தைக்குக்கூட இது தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியலை. சந்தனம் ஈரத்துல ஊறிக் கரைஞ்சு போயிருக்குது, அந்த வழியா ஆறு வருசமாத் தண்ணி உள்ள போயிருக்குது. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லை. நான் என்னடான்னா மழைக்கு நனையக்கூடாதுன்னு, மஞ்ச மூட்டையை மூடற மாதிரி, தார்ப்பாயைப் போட்டுக் காத்துக்கூடப் போகாம இறுக்கிக் கட்டி வெச்சிருக்கேன். நல்லாப் புழுங்கட்டும்னு.

பன்னெண்டாவது பரீட்சை ஆரம்பிக்கற திங்கக்கிழமை அது. என்ற பொண்ணுக்கும் அன்னைக்குத்தான் முதல் பரீட்சை. புள்ளைக நல்ல நாளும் அதுவுமா ஏறப் போறாங்களேன்னு வெடியால நேரத்துலயே எந்திரிச்சுப் படகைக் கழுவப் போனேன். பின்பலகையைத் துணியில தேய்ச்சேன். ஒரு குங்குமப் பொட்டு கழண்டு வந்துச்சு. அந்த ஓட்டையில இருந்து பழுப்பா ஒரு சொட்டு எறங்குச்சு, டிக்காசன் மாதிரி. தொடைச்சேன். திரும்பவும் எறங்குச்சு. மோந்து பார்த்தேன். நனைஞ்ச சாக்கை நாலு நாள் கழிச்சு அவுத்தா ஒரு வாடை அடிக்குமே, அந்த வாடை.

மோட்டார்ல இருந்து எண்ணெய் கசியுதோ என்னமோன்னுதான் முதல்ல நினைச்சேன். பாருங்க என்ற புத்திய. பொறவு திருப்புளியை எடுத்து ஓட்டையில வெச்சு லேசா அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. வாழைத்தண்டுல குத்தினாக்கூடக் கொஞ்சம் எதிர்க்கும். இது எதிர்க்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்துப் பலகையைத் தட்டினேன். மேல் விளிம்புல டங்குன்னுச்சு. ஒரு சாண் கீழ வந்ததும் பொத்துன்னுச்சு. எந்தத் தறியில எந்த போல்ட்டு லூசுன்னு வாசல்ல நின்னே சொல்ற காது என்றது. அந்தக் காதுக்கு வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாருக்குக் கீழ பலகையே இல்லை. ரெண்டு பைபர் தோல், நடுவுல சேறு.

அங்கேயே ஈரத்துல உக்காந்துட்டேன். போன வெள்ளிக்கிழமை பதினாறு பேரை ஏத்திக்கிட்டு எதிர்காத்துல வெசையா வந்தது கண்ணுக்கு முன்னால நின்னுச்சு. நடுத்தண்ணியில அந்தப் பலகை பிய்ஞ்சா மோட்டார் அதையும் இழுத்துக்கிட்டுக் கீழ போகும். பின்பக்கம் பூராத் தொறந்துக்கும். ரெண்டு நிமிசம் கூட ஆகாது. அங்க ஆழம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. என்ற மூங்கில் கழி அங்க தரையைத் தொட்டதே இல்லை.

அப்ப நான் செஞ்சதைச் சொல்றேன். எந்திரிச்சு ஊட்டுக்கு ஓடினேன்.

என்ற பொண்ணு தலை பின்னிக்கிட்டு இருந்தா. "கண்ணு, இன்னைக்கு பஸ்ல போயிரு"ன்னேன்.

"எதுக்குங்கப்பா? போட் இல்லீங்களா?"

"போட் இருக்குது அம்மணி. தண்ணி மேல பனிக்காத்து அடிக்குது. சளி கிளி புடிச்சா பரீட்சை என்னத்துக்காகறது? முடியற வரைக்கும் பஸ்லயே போ. முதல் பஸ் இந்தா வந்துரும்."

என்ற சம்சாரம் அடுப்படியில இருந்தே, "அதுவும் சரிதானுங்க"ன்னு ஒரு துண்டை எடுத்து அவ காதைச் சுத்திக் கட்டிவிட்டா. நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய், அவ ஏறி சீட்ல உக்கார்ற வரைக்கும் பார்த்துட்டு வந்தேன். பஸ்ல நெறைய எடம் இருந்துச்சு. அதையும் பார்த்தேன்.

திரும்பிக் கரைக்கு வந்தா, பத்துப் பன்னெண்டு பேரு நிக்கறாங்க. பரீட்சைக்குப் போற புள்ளைக அஞ்சு பேரு. அதுல ஒருத்தி என்ற பொண்ணோட கூட்டாளி, ஆறாவதுல இருந்து ஒரே பெஞ்சு. அவ அம்மா தெனமும் வாழை எலைக்கட்டோட சந்தைக்குப் போறவங்க, நாங்க எலைக்காரக்கான்னுதான் கூப்பிடுவோம். "வாங்க, வாங்க, நேரமாச்சு"ன்னு அவங்களே முதல்ல ஏறுனாங்க.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. பலகை மக்கிப்போச்சுங்க, எல்லாரும் பஸ்ஸுக்குப் போயிருங்கன்னு சொல்லியிருந்தா ஓடிப் போய்க் கை காட்டிப் புடிச்சிருப்பாங்க, பஸ் அப்பத்தான் கரைக்கு மேல வளைவுல மெதுவாத் திரும்புச்சு. நான் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு இன்னைக்கு வரைக்கும் என்னைய நானே கேட்டுக்கறேன். தறிக்காரனுக்குப் படகெதுக்குன்னு ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம கேட்டாங்க. ஆறு வருசமா நான் அவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன், அந்தப் படகை ஓட்டியே. இப்ப போய் நானே ஓட்டை போட்டு, நானே மக்க வெச்சுபோட்டேன்னு சொல்றதுக்கு வாய் வரலை. இன்னைக்கு ஒரு நாளைக்கு மெதுவா ஓட்டிரலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தோணுச்சு. நாளைக்கும் அதேதான் தோணுச்சு. பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும்னு எனக்கு நானே ஒரு காரணத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். புள்ளைகளுக்காகத்தான் ஓட்டறேன்னு கூட நெனைச்சேன்னா பார்த்துக்கங்க.

அந்தப் பத்து நாளும் சோறு எறங்கலை. வயிறு சரியில்லைன்னு சம்சாரத்துகிட்டச் சொல்லிவெச்சேன், அவ மோரும் சீரகத்தண்ணியுமாக் குடுத்தா. படகுல உக்காந்தா ஒரு கை மோட்டார் கைப்பிடியில, ஒரு கை பின்னால பலகை மேல. ஒவ்வொரு அலைக்கும் பலகை உள்ளங்கைக்குள்ள அசையறது தெரியும். முதல் நாள் மயிரிழை. மூணாம் நாள் இன்னும் கொஞ்சம். மேல் மூலையில பெயிண்ட்ல ஒரு வெடிப்பு ஓடுச்சு, அதை தெனமும் கட்டைவிரலால அளந்து பார்ப்பேன். தறிக்குடோன்ல இருந்து கொண்டாந்த பெல்ட்டு ஒண்ணு கிடந்துச்சு, அதைப் போட்டு மோட்டாரை நடு சீட்டுக் கட்டையோட இழுத்துக் கட்டினேன். பிய்ஞ்சாலும் மோட்டார் முழுகாம தொங்கட்டும்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு சரியா தப்பான்னு யாரைக் கேட்கறது? கேட்டாத்தான் தெரிஞ்சுபோகுமே.

அதுவரைக்கும் லைஃப் ஜாக்கெட்டை எல்லாரும் குண்டிக்கு மெத்தையாப் போட்டுத்தான் உக்காருவாங்க, நானும் ஒண்ணும் சொன்னதில்லை. திடீர்னு எல்லாரும் மாட்டியே ஆகோணும்னு சட்டம் போட்டேன். "என்னங்க, மாப்பிள்ளைக்கு ரூல்ஸ் எல்லாம் பலமா இருக்குது?"ன்னு ஒரு பெரியவர் கேலி பண்ணினாரு. "பெரிய கப்பல் கேப்டனாட்ட ஆயிட்டீங்க"ன்னு புள்ளைக சிரிச்சாங்க. நானும் பல்லைக் காட்டினேன். எல்லாரையும் முன்னால உக்காருங்க, முன்னால உக்காருங்கன்னு வெரட்டுவேன். என்ற பொண்ணோட கூட்டாளி மட்டும் கேட்கமாட்டா. பின்னாலதான் அவளுக்குப் படிக்கத் தோதாம். நோட்டை மடியில விரிச்சுக்கிட்டு, மோட்டாருக்குப் பக்கத்துல, அந்தப் பலகை மேலயே முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்குவா. ரெண்டு தடவை சத்தம் போட்டேன். மூணாவது நாள் அவ மொகம் வாடினதைப் பார்த்துட்டு விட்டுட்டேன்.

எலைக்காரக்கா ஒரு நாள் கேட்டாங்க. "ஏனுங்க, பாப்பா இப்பல்லாம் போட்ல வர்றதில்லீங்களா?"

"பனிக்காத்துங்கக்கா. சளி புடிச்சுக்கும்னு பஸ்ல அனுப்பறோம்."

"நல்லதுங்க. பரீட்சை நேரம் பாருங்க"ன்னு அவங்க தன் பொண்ணோட காதுல துண்டை இழுத்துவிட்டாங்க. அதைப் பார்க்க முடியாம மோட்டார் பக்கம் குனிஞ்சுக்கிட்டேன்.

பத்தாவது நாள். கடைசிக்கு முந்தின பரீட்சை. மத்தியானத்துக்கு மேல திரும்பி வாரோம், மொத்தம் பதினாலு பேரு. எலைக்காரக்காவும் அவங்க பொண்ணும் இருந்தாங்க. பாதி தூரம் வர்றதுக்குள்ள மேக்க இருந்து காத்து எழும்புச்சு. பெரிய காத்து இல்லை. நல்ல படகுக்கு அதெல்லாம் ஒரு காத்தே இல்லை. முழுகிப்போன மொட்டைப் பனைமரம் ஒண்ணு தலையை நீட்டிக்கிட்டு இருக்கும், அதைத் தாண்டினதும் ஒரு அலை பக்கவாட்டுல தூக்கிப் போட்டுச்சு. மோட்டார் சத்தம் ஒரு புடி கீழ எறங்குச்சு. என்ற கைக்குக் கீழ இருந்த பலகை பின்னால சாஞ்சுது.

"மாமா, பலகை வாயைத் தொறக்குதுங்க"ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. பதறாம, மாட்டுக்குத் தண்ணி வெக்கலைங்கற மாதிரிச் சொன்னா. குனிஞ்சு பார்த்தா, பலகையும் தரையும் சேர்ற மூலையில ஒரு வெரல் போற அளவு சந்து. மோட்டார் தள்ளறப்ப மூடுது, அலை எறங்கறப்பத் தொறக்குது. தொறக்கறப்பவெல்லாம் தண்ணி உள்ள வருது.

"அது அப்படித்தான் கண்ணு. கொஞ்சம் அசைஞ்சு குடுத்தாத்தான் ஒடையாது"ன்னேன். அவ தலையாட்டிட்டு நோட்டைத் திரும்பப் பார்க்க ஆரம்பிச்சா. நான் சொன்னதை அப்படியே நம்பிபோட்டா.

ஒரு நிமிசத்துல தண்ணி அவ காலை நனைச்சுது. அதுக்கு மேல பொய் சொல்ல எடமில்லை. வேகத்தைக் கொறைச்சேன். "யாரும் எந்திரிக்கக் கூடாது. உக்காந்தபடியே தேய்ச்சுக்கிட்டு முன்னால போங்க. மெதுவா. சோத்து டப்பா இருக்கறவங்க தண்ணியை மோந்து ஊத்துங்க"ன்னேன். என்ற குரல் எனக்கே யாருதோ மாதிரிக் கேட்டுச்சு. ஒரு காலைப் பலகைக்கு முட்டுக் குடுத்து, ஒரு கையால மோட்டாரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். சூடு நெஞ்சுல பட்டுது. விடலை. புள்ளைக டப்பா மூடியில மோந்து மோந்து ஊத்தறாங்க. ஒருத்தரும் அழுகலை. எலைக்காரக்கா மட்டும் மாரியாத்தா மாரியாத்தான்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே எலை கட்டற சாக்கைச் சுருட்டி அந்தச் சந்துல அடைச்சாங்க.

அந்த நடுத்தண்ணியில எனக்கு முதல்ல வந்த நெனைப்பு என்னன்னு சொல்லட்டுங்களா? நல்லவேளை, என்ற பொண்ணு இதுல இல்லை. அதுதான் வந்துச்சு. பதினாலு உசிரை வெச்சுக்கிட்டு, நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு நிம்மதி. அப்பறம்தான் எலைக்காரக்கா பொண்ணு நனைஞ்ச நோட்டைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கறதைப் பார்த்தேன். இன்னொரு பரீட்சை பாக்கி இருந்துச்சு அவளுக்கு.

எப்படியோ வந்து சேர்ந்தோம். கரைக்கு ஒரு பத்தடி இருக்கறப்பப் படகுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி. எல்லாரும் குதிச்சு எறங்கினாங்க. நான் எறங்கி மண்ணுல உக்காந்துட்டேன். எலைக்காரக்கா வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "உங்களாலதானுங்க பொழைச்சோம். வேற ஆளா இருந்தா உட்டுபோட்டு நீந்திப் போயிருப்பான்"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பரவாயில்லைங்கக்கா"ன்னேன்.

அடுத்த நாள் எல்லாப் புள்ளைகளும் கடைசிப் பரீட்சைக்கு பஸ்லதான் போனாங்க. நான் படகை டிராக்டர் வெச்சு இழுத்து ஊட்டு வாசலுக்குக் கொண்டாந்தேன். மோட்டாரைக் கழட்டிட்டு, கட்டிங் மெசின்ல பின்பலகையோட பைபர் தோலை நாலாப்பக்கமும் அறுத்து உரிச்சேன். உள்ள இருந்ததைப் பார்க்க ஊரே கூடிருச்சு. கருப்பா, கொழகொழன்னு, கையால வழிச்சு வழிச்சு எடுக்கற மாதிரி இருந்துச்சு. பக்கெட்டுல ரொப்பினேன். ஓட்டை இருந்த எடத்துல எல்லாம் கருப்பு கோடு கோடாக் கீழ எறங்கியிருந்துச்சு. ஒரு எடத்துல மரமே இல்லை, எறும்பு கூடு கட்டியிருந்துச்சு.

"சாமிக்குப் போட்ட கொக்கிதானுங்களா இப்படிப் பண்ணிருச்சு?"ன்னு பெரியவர் கேட்டாரு. "ஆமாங்க, ஒரே நாள்ல பாருங்க, நேத்து வரைக்கும் ஒண்ணும் தெரியலை"ன்னேன். வாய் தன்னால சொல்லுச்சு.

அப்ப என்ற பொண்ணும் அவ கூட்டாளியும் பஸ்ல இருந்து எறங்கி வந்தாங்க. எலைக்காரக்கா தன் பொண்ணைக் கூட்டிப் போக அங்கயே நின்னுக்கிட்டு இருந்தாங்க. என்ற பொண்ணு பக்கெட்டைப் பார்த்தா. பலகையைப் பார்த்தா. ஸ்கூல் பையைக்கூட எறக்கலை. "அப்பா, எப்பங்கப்பா தெரியும் உங்களுக்கு?"ன்னு கேட்டா.

"நேத்துத்தான் கண்ணு."

"என்னைய முதல் பரீட்சையில இருந்தே பஸ்ல அனுப்பினீங்க."

கோபமாக் கேட்டிருந்தா நானும் கோபப்பட்டிருப்பேன். எனக்குக் கோபம் வர்றது லேசு. அவ கணக்குப் போடற மாதிரிச் சொன்னா. என்ற சம்சாரம் வாசப்படியில நின்னவ உள்ள போயிட்டா. எலைக்காரக்கா என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூத்தியிருக்கலாம். அவங்க எப்பவும் போல மரியாதையாத்தான் பேசினாங்க.

"என்ற புள்ளைக்கும் சளி புடிக்குமுங்க"ன்னாங்க.

அவ்வளவுதான். பொண்ணு கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிட்டாங்க. நான் அந்த பக்கெட்டோட நின்னேன்.

ரெண்டு மாசம் ஆச்சு படகை எடுத்துக்கட்ட. தரை வரைக்கும் பிரிச்சு வெயில்ல காய வெச்சேன். தண்ணிக்குத் தாங்கற பிளைவுட்டா வாங்கி, விளிம்பெல்லாம் ரெசின்ங்கற பசையைக் குடிக்க வெச்சு, பைபரை மூணு சுத்துப் போர்த்தினேன். போல்ட்டு போற ஓட்டை ஒவ்வொண்ணையும் பெருசாத் தொளைச்சு, ரெசின்ல ரொப்பி, அது கெட்டியான பொறவு அதுக்குள்ள தொளைச்சேன், மரத்துல ஈரம் படவே கூடாதுன்னு. எத்தனையோ பேர்கிட்ட போன் போட்டுக் கேட்டுக் கேட்டுச் செஞ்சேன். வெக்கப்படலை. வெக்கப்படறதுக்கு இனி என்ன இருக்குது? ஸ்பேனரை வெச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு எடம் விடாம தட்டினேன். எல்லாம் டங்குன்னுச்சு.

திரும்ப ஓட்டின முதல் நாள், கரையில இருபது பேரு நின்னாங்க. யாரும் ஏறலை. நான் தட்டிக் காட்டினேன். மோட்டாரைப் புடிச்சு ஆட்டிக் காட்டினேன். "நல்லாத்தானுங்க இருக்குது"ன்னு சொல்றாங்க, ஏறமாட்டேங்கறாங்க. எலைக்காரக்கா எலைக்கட்டை எறக்கிக் கீழ வெச்சுட்டு ரோட்டுப் பக்கம் பார்த்தாங்க. அப்ப என்ற பொண்ணு கூட்டத்துக்குள்ள இருந்து வந்தா. ரெண்டு மாசமா ஆமா, இல்லைங்கறதுக்கு மேல என்னோட பேசாதவ. என்னையப் பார்க்காம ஏறி, நேராப் பின்னால போய், புதுப் பலகை மேல முதுகைச் சாய்ச்சு உக்காந்தா. அப்பறம் எலைக்காரக்கா எலைக்கட்டைத் தூக்குனாங்க. அவங்களுக்குப் பின்னால எல்லாரும் ஏறுனாங்க.

காலேஜு சேர்ந்த பொறவும் அவ தெனமும் வர்றா. லீவு நாள்லயும் வர்றா, போன கையோட அடுத்த டிரிப்புல திரும்பிருவா. "எதுக்கு கண்ணு வெயில்ல அலையறே"ன்னு அவ அம்மா கேட்டதுக்கு, "நான் ஏறாட்டி அவிய யாரும் ஏறமாட்டாங்கம்மா"ன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அவ முதுகு என்ற கைக்கு எட்டற தூரத்துல இருக்குது. பலகை கல்லாட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும், நானே போட்டது. ஆனாலும் ஒரு சின்ன அலை வந்தா என்ற கை தன்னால பலகைக்குப் போகுது. அந்தப் பத்து நாள்ல கூட நான் இப்படிப் பயந்ததில்லை. எலைக்காரக்கா பத்து நாளும் தெரியாமலே எதுல உக்காந்திருந்தாங்கன்னு எனக்கு இப்பத்தான் வெளங்குது.

போன வாரம் ஒரு நாள் அவளுக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுது. ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலம் பொழுதோட போய்க்கலாம், தூங்கட்டும்னு விட்டுட்டு நான் மட்டும் கரைக்கு வந்தேன். பதினஞ்சு பேரு நின்னாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி, ஒரு பொட்டுக் காத்தில்லை. எலைக்காரக்கா எனக்குப் பின்னால வழியைப் பார்த்தாங்க.

"பாப்பா வரலீங்களா?"

"காய்ச்சலுங்கக்கா."

"அப்படீங்களா"ன்னாங்க. எலைக்கட்டைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாங்க. மத்தவங்களும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்தாங்க.

"உண்மையாலுமே காய்ச்சலுங்க"ன்னு நான் சத்தமாச் சொன்னேன்.

யாரும் திரும்பிப் பார்க்கலை.